பழைய கேபினெட் டேபிள் சா: நேரா அறுக்குது, 45 டிகிரி சாய்ச்சா கட்டை கருகுது

கோத்தகிரி_பட்டறை

எல்லாருக்கும் வணக்கங்க. செகண்ட் ஹேண்ட் 10 இஞ்ச் கேபினெட் டேபிள் சா (மூடிய பெட்டிமேல் மேசை, அதன் நடுவில் வட்ட ரம்ப பிளேடு). வெளிநாட்டுத் தயாரிப்பு, பிளேடு வலப்பக்கம் சாயும், ஷாஃப்ட் 5/8 இஞ்ச், மூணு வி-பெல்ட். மோட்டார் தகட்டில் 3 எச்.பி., சிங்கிள் பேஸ், 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 3450 ஆர்.பி.எம். என்று இருக்கு. மேசை முழுக்கச் செந்துரு.

இப்போதைய நிலை:
நேரா அறுத்தால் வெட்டு முகத்தில் வளைவு வளைவாகக் கோடு விழுது.
45 டிகிரி சாய்த்து, ஃபென்ஸை (கட்டையை ஒட்டித் தள்ளுகிற வழிகாட்டிச் சட்டம்) பிளேடுக்கு இடப்பக்கம் வைத்து அறுத்தால் கட்டை பின்பாதியில் இறுகிக் கருகுது, எகிறப் பார்க்குது.
சாய்க்கிற சக்கரம் 30 டிகிரிக்கு மேல் கல்லு மாதிரி நிக்குது.

மேசையைப் பிடிக்கிற நாலு போல்ட்டையும் தளர்த்தி, தட்டித் தட்டி நேர் பண்ணிடலாமா?

கோவை_லேத்து

வேண்டாங்க. மேசை போல்ட் கடைசி வேலை. கேபினெட் சாவில் பிளேடு தொட்டில் (ஷாஃப்டைத் தாங்கிச் சாய்கிற வார்ப்பு) பெட்டியோடு சேர்ந்தது, மேசை அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கு. நாலு போல்ட்டில் மேசையைத் திருப்ப முடிவது வசதிதான். ஆனால் ஷாஃப்ட் ஆடுகிற மெஷினில் மேசையை எதற்கு நேராக வைப்பீங்க?

முதலில் பிளேடைக் கழற்றுங்க. நட்டு எந்த மறை என்று யோசிக்க வேண்டாம், பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால் கழலும். 0.01 மி.மீ. டயல் கேஜை காந்தக் கட்டையில் வைத்து, முள்ளை ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் (பிளேடு ஒட்டி உட்காரும் வட்டத் தட்டு) முகத்தில், விளிம்பை ஒட்டி வையுங்க. கையால் மெதுவாக ஒரு சுற்று. 0.02க்குள் இருந்தால் நல்லது. 0.04 என்றால் சின்ன எண் மாதிரித் தெரியும், ஆனால் ஃபிளாஞ்ச் ஆரம் 25 மி.மீ., பிளேடு ஆரம் 125. ஐந்து மடங்கு. பல் நுனியில் 0.20 ஆட்டம். உங்க வளைவுக் கோடு அங்கிருந்துதான் வருது.

அடுத்து ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் பேரிங் மாற்றணும். ஆட்டமே இல்லாமல் மெதுவாகச் சுற்றும்போது சொரசொரப்பு கையில் தட்டினாலும் மாற்றணும். கழற்றிய பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். இந்த அளவு மெஷினில் பெரும்பாலும் 6203, 6204, 6205 மூன்றில் ஒன்று வரும். அளவு (உள்துளை × வெளிவிட்டம் × அகலம், மி.மீ.) முறையே: 17×40×12, 20×47×14, 25×52×15. இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வாங்குங்க. தகரமூடி போட்டதில் மரத்தூள் உள்ளே போய் கிரீஸைக் குடித்துவிடும்.

ஏற்றும்போது ஷாஃப்டில் இறுகுவது உள்வளையம், அதனால் உள்வளையத்தை மட்டும் அழுத்தணும். பொருத்தமான ஒரு குழாய்த் துண்டு போதும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டு பாதையில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே முதல் நாளில் இரையும்.

பேரிங் மாற்றியும் ஃபிளாஞ்ச் 0.03க்கு மேல் காட்டினால் முகத்தில் பிசிறோ துருவோ இருக்கும். நுண்ணிய எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து ரெண்டு தேய். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு உருண்டு போகும், செய்யாதீங்க. அப்புறமும் நிக்கலைன்னா ஷாஃப்டைக் கழற்றி கோவைக்கு அனுப்பி, சிலிண்ட்ரிகல் கிரைண்டரில் பேரிங் இருக்கைகளைப் பிடித்து ஃபிளாஞ்சை ஒரு தடவை முகம் எடுக்கச் சொல்லணும்.

கொடை_தச்சன்

சக்கரம் 30இல் நிக்கிறதுக்கு மெஷின் கோளாறு காரணமா இருக்காது. சாய்க்கிற பல் வளைவின் கடைசிப் பற்களுக்குள்ளே மரத்தூளும் பிசினும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகியிருக்கும். பழைய ஆட்கள் கிரீஸை அள்ளி அப்பியிருப்பாங்க, அதுதான் சிமென்ட். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பித்தளைப் பிரஷ், பல்லிடுக்குக்கு மூங்கில் குச்சி. 45 டிகிரி நிறுத்தத் திருகு முகத்திலும் தூள் ஒட்டியிருக்கும், அதை எடுக்காமல் கோணம் பார்த்தால் 44இல் நிற்கும்.

காய்ந்ததும் கிரீஸ் வேண்டாம். கிராஃபைட் தூளோ மெழுகோ போதும்.

சக்கரத்தைத் திருப்பும்போது கால் சுற்றுக்கு மேல் வெறுமனே சுத்தினால் திருகாணிப் பல்லும் வளைவுப் பல்லும் விலகியிருக்கு. பல மெஷினில் மையம் தள்ளிய புஷ் ஒன்று இருக்கும், அதைத் திருப்பிக் கிட்டக் கொண்டு வரணும். சாய்வு முழுக்க ஓட்டிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் மட்டும் லேசாக உரசுகிற மாதிரி வையுங்க. நடுவில் சரி பண்ணினால் ஓரத்தில் பிடிக்கும்.

ஊட்டி_பனி

துருவுக்கு: மேசைமேல் மண்ணெண்ணெய் தெளித்து, ரேஸர் பிளேடு பிடித்த சுரண்டியைச் சாய்வாக வைத்துத் தள்ளினால் முக்கால்வாசித் துரு தாளா வந்துடும். பிறகு 220, அப்புறம் 400 உப்புத்தாள், தட்டையான கட்டையில் சுற்றி. ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போடுறவங்களை வீடியோவில் பார்க்கிறேன், வயிறு எரியுது. மேசை பள்ளம் பள்ளமாகப் போன பிறகு சர்ஃபேஸ் கிரைண்டிங் தவிர வழியில்லை.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி வார்ப்பிரும்பில் சாம்பல் கறை விடும். சின்ன உதிரிகளுக்குச் சலவைச் சோடாத் தண்ணீர், 12 வோல்ட் சார்ஜர், மைனஸில் உதிரி, பிளஸில் சாதா இரும்புத் தகடு. ஸ்டெயின்லெஸ் தகடு மட்டும் போடக் கூடாது, தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும்.

நம்ம ஊர் பாடு அதற்கு அப்புறம்தான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வார்ப்பிரும்பு காலை 9 மணிக்கும் குளிர்ந்துதான் கிடக்கும். வெயில் ஏறி ஈரக்காற்று உள்ளே வந்ததும் மேசைமேல் பனி கோத்து நிற்கும். கூரை ஒழுகாமலேயே துரு வருவது இதனால்தான். கெட்டி மெழுகு ரெண்டு பூச்சு, மேலே தடித்த கம்பளி, பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்ப். எல்.ஈ.டி. போட்டு ஏமாறாதீங்க, சூடுதான் வேலை செய்யுது, வெளிச்சம் இல்லை. பல்ப் போடும் முன் உள்ளே இருக்கிற மரத்தூளை முழுக்க அள்ளி, பல்ப்புக்குக் கம்பிக் கூடு போட்டுடணும்.

சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், கட்டையில் ஒட்டிக்கிட்டு பாலிஷ் பிடிக்காமல் அம்மைத் தழும்பு மாதிரிப் போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஊட்டியில் அது எண்ணெயே இல்லை, மெழுகுவர்த்தி.

குன்னூர்_வயர்மேன்

யாரும் மோட்டாரைத் தொடலையே. 60 ஹெர்ட்ஸ் தகடு. இதை நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸில் போட்டால் ரெண்டு கெடுதல்.

ஒன்று, வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். 3450 சுமார் 2880 ஆகும். மோட்டார் புல்லி, ஷாஃப்ட் புல்லி விட்டம் என்னென்ன?

இரண்டு, அதைவிட மோசம். வோல்ட்டேஜ் அதே 230, ஃப்ரீக்வென்சி குறைந்தது. இரும்பு மையத்தில் காந்தப்பாய்வு 20 சதவீதம் ஏறி நிறைந்துவிடும். சும்மா ஓடும்போதே அதிகக் கரண்ட் இழுத்து, உறுமி, சூடேறும். எரிந்துபோனால் காயில் கட்டினவரைத் திட்டிப் பயனில்லை, அதே கணக்கில் மறுபடி கட்டினால் மறுபடி எரியும்.

கோத்தகிரி_பட்டறை

மோட்டார் புல்லி 75, ஷாஃப்ட் புல்லி 65 மி.மீ. சும்மா ஓடினாலே பத்து நிமிஷத்தில் கை வைக்க முடியலைங்க.

குன்னூர்_வயர்மேன்

கணக்கு சரியாக வருது. 3450 × 75 ÷ 65 = 3980. பிளேடுக்கு 4000 சுற்று என்பது வடிவமைப்பு. இங்கே 2880 × 75 ÷ 65 = 3323. அறுக்கும், ஆனால் பல் ஒவ்வொன்றும் அதிகம் கடிக்கணும்.

50 ஹெர்ட்ஸ் 3 எச்.பி., 2 போல் மோட்டார் வாங்குங்க. 90எல் ஃபிரேம் (மோட்டார் உடல் அளவு), ஷாஃப்ட் 24 மி.மீ., புல்லி வழுக்காமல் பிடிக்கும் சாவி 8 மி.மீ. அகலம். கால் துளைகள் பழைய மோட்டாரோடு பொருந்தாது, 10 மி.மீ. தகட்டில் இடைத்தகடு செய்யணும். மோட்டார் புல்லியை 90 ஆக்கினால் 2880 × 90 ÷ 65 = 3988. பிளேடில் அச்சடித்த உச்ச வேகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

மூன்று பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) என்றால் இன்னும் நல்லது. ஸ்டார், டெல்டா என்பது காயில்களை இணைக்கிற ரெண்டு முறை. உங்க மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கட்டா என்று தகட்டில் பாருங்க. அப்படியென்றால், சிங்கிள் பேஸ் உள்ளே, மூன்று பேஸ் 230 வெளியே தரும் வி.எஃப்.டி.க்கு இணைப்புப் பெட்டியில் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றணும். மாற்றாமல் ஓட்டிட்டு மோட்டாருக்கு இழுவையே இல்லை என்பவர்கள்தான் அதிகம். நிறுத்தும் நேரம் 8 முதல் 10 வினாடி வையுங்க. வெடுக்கென்று நிறுத்தினால் பிளேடு நட்டு கழலப் பார்க்கும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்க.

சிங்கிள் பேஸே போதும் என்றால், சுவிட்ச் மட்டும் பத்தாது. வோல்ட் போனால் விழுகிற காயில், ஓவர்லோடு ரிலே ரெண்டும் உள்ள டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக லைனில் போடும் சுவிட்ச் பெட்டி) வேணும். மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று சொல்லவே வேண்டாம். பிளேடு பக்கம் கை இருக்கும்போது தானாக ஓடக்கூடாது.

வயர்: ஓடும்போது 16 ஆம்பியர், கிளம்பும்போது 80. மீட்டரிலிருந்து பட்டறை 30 மீட்டர் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் கிளம்பும் நேரத்தில் 35 வோல்ட்டுக்குமேல் விழும். 4 சதுரத்தில் 22 வோல்ட். மலையில் லைனே 200க்கு வந்து நிற்கும் இடம் உண்டு. 4 போடுங்க, எர்த் தனியாக.

கூடலூர்_கட்டை

இந்த உயரத்தில் காற்று மெல்லிசு, மோட்டார் குளிராது, 5 எச்.பி. போடணும்னு சொல்றாங்களே?

குன்னூர்_வயர்மேன்

பாதி உண்மை. மோட்டார் தரம் 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி காற்று என்று வைத்துத்தான் எழுதுறாங்க. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சூடு ஏற அனுமதிக்கிற அளவில் 1 சதவீதம் கழிக்கணும். ஊட்டி 2,240 மீட்டர். 12 சதவீதம். பி வகுப்புக் காப்புக்கு (காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்ற வகுப்பு) 80 டிகிரி ஏற்றம், அதில் கழிவது 10 டிகிரி. ஊட்டியில் காற்று 25 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம், அங்கே 15 டிகிரி லாபம். மோட்டாருக்கு 3 எச்.பி.யே போதும்.

வி.எஃப்.டி.க்கு அதன் கையேட்டில் இதே மாதிரி உயரக் கழிவு போட்டிருக்கும். அதற்கு ஒரு அளவு பெரியது வாங்குவது நல்லது.

கோத்தகிரி_பட்டறை

நன்றிங்க எல்லாருக்கும். வேலை முடிந்த வரை அளவுகள்:

பழைய பேரிங்கோடு ஃபிளாஞ்ச் 0.06, பல் ஓரம் 0.30. புது பேரிங், எண்ணெய்க்கல் போட்ட பிறகு ஃபிளாஞ்ச் 0.015, பல் ஓரம் 0.09. வளைவுக் கோடு போயிடுச்சு. மூணு பெல்ட்டும் ஒரே செட்டாக மாற்றியாச்சு. சக்கரம் 45 வரை ஓடுது, மோட்டார் ஆர்டர் போட்டாச்சு.

மேசையில் பிளேடுக்கு இடப்பக்கம் முன்பின்னாக ஓடும் பள்ளத்தில் கேஜ் வைத்துப் பார்த்தால் 90இல் (பிளேடு நேரா நிற்கும்போது) பிளேடின் பின்பக்கம் 0.12 கேஜ் பக்கம் வந்திருக்கு. 45இலும் பின்பக்கம் இடது பக்கமாகத்தான் வருது, இன்னும் அதிகமாக.

கோவை_லேத்து

இப்போ மேசைக்கு வரலாம். அளக்கும் முறை சரியா என்று முதலில்: கேஜைப் பிடித்த கட்டை பள்ளத்தில் ஆடக்கூடாது. எப்போதும் பள்ளத்தின் ஒரே சுவரில், பிளேடுக்குக் கிட்ட உள்ள சுவரில், அழுத்தியபடி நகர்த்தணும். ஒரு பல்லில் மார்க்கர் போட்டு, அதன் பக்கத்துத் தகட்டில் முன்னே அளந்து, பிளேடைக் கையால் சுற்றி, அதே இடத்தைப் பின்னே அளக்கணும். அப்போதான் பிளேடின் சொந்த வளைவு கணக்கில் வராது. பிளேடை மேலே உயர்த்தி அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் கூடி, பிழை தெளிவாகத் தெரியும்.

90 முதலில். நாலு போல்ட்டில் மூணைத் தளர்த்தி, ஒன்றை அரை இறுக்கத்தில் விட்டுவிடுங்க, அது சுழல் புள்ளி. மேசை ஓரத்தில் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டணும். 0.05க்குள் வந்ததும் எதிரெதிராக இறுக்குங்க. இறுக்கும்போது நகரும், அதனால் கால் சுற்றுக்கு ஒருமுறை கேஜைப் பாருங்க.

அப்புறம் 45இல் எவ்வளவு, பாதிச் சாய்வான 22.5இல் எவ்வளவு என்று ரெண்டும் சொல்லுங்க. முன்பின் அளந்த தூரம், முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் உள்ள தூரம் இரண்டும் வேணும்.

கோத்தகிரி_பட்டறை

90இல் 0.03க்கு வந்தாச்சு. 22.5இல் 0.13. 45இல் 0.27. மூன்றிலும் பின்பக்கம் இடது நோக்கி. அளந்த தூரம் 200 மி.மீ., போல்ட் இடைவெளி 500.

கோவை_லேத்து

90இல் மிஞ்சிய 0.03ஐ எல்லாவற்றிலும் கழிக்கணும். 22.5இல் 0.10, 45இல் 0.24.

பிளேடு சாயும் அச்சு மேசைப் பரப்புக்கு இணையாக இல்லாமல், பின்னால் மேசை அச்சை விட்டுக் கீழே இறங்கியிருக்கு. நேரா நிற்கும்போது அது தெரியாது. சாய்ந்தால் பின்பக்கத்தில் மேசை பிளேடைக் கொஞ்சம் கீழே வெட்டும். சாய்ந்த பிளேடில் கீழே போகப் போக எதிர்ப்பக்கம் விலகும், வலது சாய்வில் அது இடது. நீங்க ஃபென்ஸை வைத்திருப்பதும் இடதில். ஃபென்ஸுக்கும் பிளேடின் பின்பக்கத்துக்கும் இடையே கட்டை நசுங்குது, கருகுது, எகிறுது.

நினைவில் வைக்க: பின்பக்கம் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போனால் பின் போல்ட்டுகளுக்கு ஷிம் (மேசைக்கு அடியில் போல்ட்டைச் சுற்றி வைக்கும் மெல்லிய தகடு). சாய்ந்த பக்கமே போனால் முன் போல்ட்டுகளுக்கு.

45 டிகிரியில் கணக்கு சுலபம், டேன் 45 ஒன்று. ஷிம் = பிழை × போல்ட் இடைவெளி ÷ அளந்த தூரம். 0.24 × 500 ÷ 200 = 0.60 மி.மீ. பின் போல்ட் ரெண்டுக்கும் 0.60.

கூடலூர்_கட்டை

ஒரு நிமிஷம். மேசைக்கு ஷிம் போடுறது வியாதியை விட்டுட்டு வலிக்கு மாத்திரை. லாரியில் கொண்டையூசி வளைவெல்லாம் குலுங்கி வந்த மெஷின், தொட்டிலே முறுக்கியிருக்கலாம். ஷாஃப்ட் தொட்டிலில் கோணலா உட்கார்ந்திருந்தாலும் இதே மாதிரிதானே காட்டும்?

கோவை_லேத்து

நல்ல கேள்வி. அதற்காகத்தான் 22.5 கேட்டது. அச்சு மேசைக்கு இணையாக இல்லை என்றால் பிழை சாய்வின் டேன் படி ஏறும். 22.5க்கு 0.41. அதாவது 45இல் 0.24 என்றால் பாதியில் 0.10. ஷாஃப்டே கோணல் என்றால், 90இல் மேசையைத் திருப்பி அதை மறைத்த பிறகு, பாதிச் சாய்வில் ஐந்தில் ஒரு பங்குதான் தெரியும், 0.05. அவருக்கு வந்தது 0.10. மேசைதான்.

0.05 வந்திருந்தால் உங்க பக்கம் சேர்ந்திருப்பேன், தொட்டிலைக் கழற்றி முன்பின் வார்ப்பு ரெண்டையும் பிணைக்கிற தண்டுகளைப் பார்க்கணும்.

கூடலூர்_கட்டை

சரி, கணக்கு ஒத்துக்கறேன். ஆனா ஷிம்முக்குக் குளிர்பானக் கேன் தகரம் போடச் சொல்லாதீங்க. சுமார் 0.1 மி.மீ. இருக்கும், 0.60க்கு ஆறு அடுக்கு, ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். 0.5 பித்தளை ஒன்று, 0.1 ஒன்று. போல்ட்டைச் சுற்றி லாட வடிவில் வெட்டி நுழைக்கணும், மேசையைத் தூக்கிக் கழற்ற வேண்டியதில்லை.

கேன் தகரம் பக்கச் சிறகை மேசையோடு சமப்படுத்தப் போதும். சிறகு தொங்கினால் போல்ட்டுக்குக் கீழே, தூக்கினால் போல்ட்டுக்கு மேலே.

அறுக்கிற கட்டை என்னங்க? சில்வர் ஓக்கா, கற்பூர மரமா (யூகலிப்டஸ்)?

கோத்தகிரி_பட்டறை

ரெண்டும். சீகையும் (வாட்டில் மரம்) கொஞ்சம்.

கூடலூர்_கட்டை

அப்போ பிளேடுக்குப் பின்னால் பிளக்கும் தகடு (அறுத்த பிளவு மூடாமல் விரித்துப் பிடிப்பது) இல்லாமல் ஓட்டவே கூடாது. கற்பூர மரம் உள்ளே விசை பிடித்தபடி வளரும், அறுக்க அறுக்க ரெண்டு பாதியும் ஒன்றையொன்று கவ்வலாம். மேசை எவ்வளவு நேரா இருந்தாலும் கவ்வலாம். தகடு பிளேடின் உடலை விடத் தடிப்பாகவும், வெட்டுத் தடத்தை விட மெலிதாகவும் இருக்கணும். பல் 3.2, உடல் 2.2 என்றால் தகடு 2.5. பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. அதைப் பிளேடின் நடுக்கோட்டில் நிறுத்தணும், ஃபென்ஸ் பக்கம் சாயக்கூடாது.

நீளவாக்கில் அறுக்க 24 பல். 60 பல் பிளேடில் ஈரக் கட்டையை நீளமா அறுத்தால் எப்படிச் சீர்படுத்தினாலும் கருகும்.

ஷாஃப்ட் 5/8 என்றால் 15.88 மி.மீ. இங்கே கிடைக்கிற பிளேடு துளை 25.4 அல்லது 30. இடைவளையம் போடணும். அந்த வளையம் பிளேடு உடலை விட ஒரு மயிரிழை மெலிதாக இருக்கணும். தடிப்பா இருந்தால் நட்டு வளையத்தைத்தான் இறுக்கும், பிளேடு வழுக்கும்.

சில்வர் ஓக் தூள் சிலருக்கு மேலெல்லாம் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்குங்க.

கோத்தகிரி_பட்டறை

பின் போல்ட்டுகளுக்கு 0.60 போட்டு, 90ஐ மறுபடி நேர் பண்ணியாச்சு. இப்போ 90இல் 0.02, 22.5இல் 0.03, 45இல் 0.04. சீகைக் கட்டை 45இல் கருகாமல் போகுது. ஃபென்ஸை மட்டும் இன்னும் தொடலைங்க.

கோவை_லேத்து

ஃபென்ஸையும் அதே பள்ளத்துக்கு நேராக வையுங்க, பிளேடைப் பார்த்து வைக்காதீங்க. பின்முனை 0.1 வரை பிளேடை விட்டு விலகி இருக்கலாம், கிட்ட வரவே கூடாது. நீங்க 45க்கு ஃபென்ஸை இடப்பக்கம் மாற்றுவதால் ரெண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்க. ஒரு பக்கம் விலகி இருக்கிற ஃபென்ஸ் மறுபக்கம் போனால் அதே 0.1 இறுகும். அதனால் உங்களுக்குச் சரியான நேர்தான் நல்லது, விலக்கு வேண்டாம்.

பின்பக்கம் உயர்ந்ததால் மேசை முன்பின் சாய்வு கொஞ்சம் மாறியிருக்கும். ஃபென்ஸ் ஓடும் தண்டவாளம் மேசையோடு சேர்ந்தது என்பதால் அது பாதிக்காது. பெட்டியில் பொருத்திய நீட்டிப்பு மேசை ஏதாவது இருந்தால் அதன் காலை மட்டும் திருகி ஏற்றணும்.

கோத்தகிரி_பட்டறை

வலப்பக்கம் நீட்டிப்பு மேசை இருக்கு, கால் தரையில் நிற்குது. நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் பின்மூலையில் 0.5 இறங்கியிருக்கு. காலில் திருகு இல்லை, வெறும் கட்டை.

கொடை_தச்சன்

கட்டையைக் கால் இஞ்ச் அறுத்துட்டு, அடியில் எம்10 நட்டு பதித்து, தலை கீழாக போல்ட்டைத் திருகுங்க. தரை சிமென்ட் என்றால் தலைக்கு அடியில் ரப்பர் துண்டு.